வாட்டமும் மூச்சும்

திருச்சியில் அக்கா வீட்டுக்கு மாடி எடுத்த வருஷம். மாடிக்குக் குடித்தனம் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை, கீழ்வீட்டுக் குளியலறையில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. மேலே யாராவது ஃப்ளஷ் அழுத்தினால், கீழே தரை ஜாலிக்கு அடியிலிருந்து ‘களுக் களுக்’ என்று வரும். குடத்தைக் கிணற்றுத் தண்ணீரில் அமுக்கினால் கேட்குமே, அதே சத்தம். சத்தத்துக்குப் பின்னாலேயே நாற்றமும் வந்தது. பினாயில் ஊற்றினார்கள், ஆசிட் ஊற்றினார்கள். காலையில் போன நாற்றம் மத்தியானம் திரும்பிவிடும்.

வந்த பிளம்பர் வயதானவர். மாடியில் ஒருமுறை தண்ணீர் திறந்துவிடச் சொல்லிவிட்டுக் கீழே நின்று கேட்டார்.

“அடைப்பு ஒண்ணும் இல்லம்மா. பைப்புக்கு மூச்சு முட்டுது” என்றார்.

மொட்டை மாடிக்கு ஏறினோம். பழைய பைப்பை நீட்டிக் கொண்டுவந்திருந்தார்கள். ஆனால் உச்சியில் மூடி போட்டுச் சொல்யூஷன் தடவி இறுக்கியிருந்தது. “மழைத்தண்ணி இறங்கும்னு மேஸ்திரி மூடிட்டாருண்ணே” என்றாள் அக்கா. பிளம்பர் ஹேக்ஸாவை எடுத்து மூடிக்குக் கீழே அறுத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “கைய இது மேல வைங்க தம்பி” என்றார். வைத்தேன். கீழே யாரோ ஃப்ளஷ் அழுத்தினார்கள். என் உள்ளங்கையைப் பைப் உள்ளே இழுத்தது. ஒரு நொடிதான். ஆனால் அந்த இழுப்பு நன்றாகவே தெரிந்தது. கீழே சத்தம் நின்றுபோயிருந்தது.

கழிவுநீர்க் குழாயைத் தண்ணீர் போகும் வழி என்று மட்டும் நினைப்பதில்தான் பெரும்பாலான வீடுகளின் சங்கடம் தொடங்குகிறது. அதில் தண்ணீர் போகும்போதெல்லாம் காற்றும் போகிறது, போயாக வேண்டும். எந்த பைப் வாங்குவது, எவ்வளவு சாய்ப்பது, எங்கே வளைப்பது, மண்ணில் எப்படிப் புதைப்பது என்ற கேள்விகளுக்கெல்லாம் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே விடை தேடலாம்.

பைப் பார்த்து வாங்குதல்

மேல்தொட்டியிலிருந்து வரும் குடிநீர்க் குழாய் எப்போதும் நிறைந்திருக்கும். அதைத் தள்ளுவது அழுத்தம். அதனால் அதை மேலே ஏற்றலாம், கீழே இறக்கலாம், எப்படியும் வளைக்கலாம். கழிவுக் குழாய்க்கு அந்தச் சலுகை கிடையாது. அதைத் தள்ள எதுவும் இல்லை. பூமி இழுப்பதுதான் அதற்கு இயக்கம். அது நிறையவும் கூடாது. நிறைந்தால் காற்றுக்கு வழியில்லை.

இரண்டின் வேலையும் வேறு என்பதால் தரக்குறியீடும் வேறு. குடிநீர் பி.வி.சி. பைப்புக்கு ஐ.எஸ். 4985. கட்டடத்துக்குள் வரும் கழிவுநீர், மழைநீர்ப் பைப்புக்கு ஐ.எஸ். 13592, கடையில் இதை எஸ்.டபிள்யூ.ஆர். பைப் என்பார்கள். மண்ணுக்குள் போகும் பைப்புக்கு ஐ.எஸ். 15328. பைப்பின் உடம்பிலேயே இந்த எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் அச்சாகியிருக்கும்.

எஸ்.டபிள்யூ.ஆர். பைப்பில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு வகை உண்டு. மழைநீருக்கும் காற்றுக் குழாய்க்கும் ஏ. கழிவறை, குளியலறை, சமையலறைக் கழிவுக்கு பி. 110 மி.மீ. பைப்பில் ஏ வகையின் சுவர் 2.2 மி.மீ., பி வகையின் சுவர் 3.2 மி.மீ. குறைந்தபட்சம் இருக்க வேண்டும். வெளிவிட்டம் ஒன்றுதான், அதனால் பொருத்திய பிறகு பார்த்து எது எதுவென்று சொல்ல முடியாது. பணம் மிச்சம் பிடிக்கக் கழிவறைக்கு ஏ வகையைப் போட்டால், கொடுக்காத அந்த ஒரு மில்லிமீட்டர் பின்னால் கணக்குக் கேட்கும்.

‘கனமா இருந்தா நல்ல பைப்’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. பி.வி.சி.யின் அடர்த்தி தண்ணீரைப் போல் சுமார் 1.4 மடங்கு. விலையைக் குறைக்க அதில் கலக்கப்படும் சுண்ணாம்புத் தூளின் அடர்த்தியோ ஏறக்குறைய 2.7 மடங்கு. ஆக, கலப்படம் கூடக்கூட எடையும் கூடும்; பலம் குறையும். கத்தியால் ஓரத்தைச் சீவிப் பாருங்கள். நல்ல பைப்பில் சீவல் சுருளாக வரும். சுண்ணாம்பு மிகுந்தது பொடியாக உதிரும்.

இந்தப் பொருளின் வரலாறு ஒரு கண்ணாடிக் குடுவையில் தொடங்கியது. 1872இல் ஜெர்மன் வேதியியலாளர் ஆய்கன் பௌமன், வெயிலில் இருந்த குடுவைக்குள் வினைல் குளோரைடு வாயு வெள்ளைத் திடப்பொருளாக மாறியிருப்பதைக் கவனித்தார். 1930களில் ஜெர்மனியில் அது குழாயாக மண்ணுக்குள் போனது. அதன் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின்; உப்பிலிருந்து எடுப்பது. கழிவுநீருக்கு இது ஏன் இவ்வளவு பொருந்துகிறது? தேங்கிய கழிவிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும். குழாயின் மேல்சுவரில் படிந்திருக்கும் ஈரத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதைக் கந்தக அமிலமாக்கும். சிமென்டையும் இரும்பையும் அந்த அமிலம் அரிக்கும். பி.வி.சி.யை அது தொடாது.

ஆனால் சூட்டைத் தாங்கும் சக்தி பி.வி.சி.க்குக் குறைவு. 80 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். கொதிக்கக் கொதிக்க வடித்த கஞ்சியை அப்படியே சிங்க்கில் கொட்டும் சமையலறைகளில், காலப்போக்கில் கிளாம்புக்கும் கிளாம்புக்கும் நடுவே பைப் தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில் எண்ணெயும் மாவும் தங்கும். கஞ்சியோடு ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரைச் சேர்த்து ஊற்றினாலே போதும். படுக்கையாகப் போகும் 110 மி.மீ. பைப்புக்கு ஏறக்குறைய 1 மீட்டருக்கு ஒரு கிளாம்ப் வேண்டும்.

வாட்டம்

கொத்தனார்கள் சாய்மானத்தை ‘வாட்டம்’ என்பார்கள். தமிழில் எத்தனையோ கலைச்சொல் உண்டாக்கினாலும் இதற்கு ஈடான சொல் கிடைக்காது.

வீட்டுக்குப் போடும் 110 மி.மீ. பைப்புக்கு 40க்கு 1 முதல் 60க்கு 1 வரை வாட்டம் கொடுப்பது வழக்கம். 40க்கு 1 என்றால் பத்தடி பைப்புக்கு 3 அங்குலம் இறக்கம். 60க்கு 1 என்றால் 2 அங்குலம். ரசமட்டத்தின் குமிழி கொஞ்சம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்படக் கூடாது. தண்ணீர் நிரப்பிய டியூப் லெவலை வைத்து இரு முனைகளின் உயரத்தையும் அளந்து பார்க்க வேண்டும்.

ஏன் இந்தக் கணக்கு? கழிவில் உள்ள கெட்டிப் பொருள் அடியில் படியாமல் இழுத்துப் போக, தண்ணீர் விநாடிக்கு சுமார் 0.6 முதல் 0.75 மீட்டர் வேகத்திலாவது ஓட வேண்டும். ஓடும் நீரின் வேகத்தைக் கணக்கிட அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரத்தை இன்றும் பயன்படுத்துகிறோம். அதன்படி, பாதி நிறைந்த 110 மி.மீ. பைப்பில் 40க்கு 1 வாட்டத்தில் தண்ணீர் விநாடிக்கு 1 மீட்டருக்குச் சற்று மேல் ஓடும். வாட்டத்தை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் வேகம் பாதியாகும். கெட்டிப் பொருள் படியத் தொடங்கும் விளிம்புக்கு வந்துவிடுவோம்.

இதே சூத்திரம் இன்னொரு அழகான உண்மையையும் சொல்கிறது. பாதி நிறைந்த வட்டக் குழாயிலும் முழுக்க நிறைந்த குழாயிலும் நீரின் வேகம் ஒன்றே. காரணம் எளிது. நீரை இழுத்துப் பிடிப்பது குழாயின் சுவர். குழாய் பாதி நிறைந்திருக்கும்போது ஓடும் நீரும் பாதி, அது உரசும் சுவரும் பாதி, விகிதம் மாறவில்லை. அதனால் பைப்பின் மேல்பாதியைக் காற்றுக்கு விட்டுக்கொடுப்பதில் வேகம் எதுவும் குறையாது.

‘பெரிசா போட்டா அடைக்காது’ என்று ஒரு வீட்டுக்கே 160 மி.மீ. பைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காவிரியைப் பார்த்தவர்களுக்கு இதில் உள்ள தவறு புரியும். குறுகிய வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் ஒரு கட்டையை இழுத்துக்கொண்டு ஓடும். அதே தண்ணீரை அகன்ற மணற்பரப்பில் விட்டால் கணுக்கால்கூட நனையாது. கட்டை மணலில் உட்கார்ந்துவிடும். ஒரு ஃப்ளஷ்ஷில் வருவது பத்து லிட்டருக்கு உட்பட்ட தண்ணீர். அகன்ற பைப்பில் அது மெல்லிய படலமாகப் பரவும், தூக்கிப் போக ஆழம் இருக்காது. பெரிய பைப், பல வீடுகளின் நீர் சேரும் இடத்துக்கு உரியது.

வளைவிலும் இதே கவனம் வேண்டும். மாடியிலிருந்து செங்குத்தாக இறங்கும் பைப் தரைமட்டத்தில் படுக்கையாகத் திரும்பும் இடத்தில் ஒற்றை 90 டிகிரி எல்போ போட்டால், வேகமாக இறங்கிய நீர் அங்கே மோதிக் குவிந்து, ஒரு கணம் குழாயையே அடைத்துக்கொள்ளும். காற்றின் பாதை அங்கே துண்டிக்கப்படும். இரண்டு 45 டிகிரி வளைவுகளாகத் திருப்பினால் நீர் வழுக்கிக்கொண்டு போகும். படுக்கைக் குழாயோடு இன்னொன்றைச் சேர்க்கும்போதும் ‘டீ’க்குப் பதில் ‘ஒய்’ போடுவது அதனால்தான். திரும்பும் இடங்களில் திறந்து பார்க்கக் கதவுள்ள டோர் பெண்டும், வெளியே சேம்பரும் வைத்துவிட்டால், நாளைக்கு அடைப்பு வந்தாலும் தரையை உடைக்க வேண்டியிருக்காது.

மூச்சு

மாடிகளிலிருந்து இறங்கும் செங்குத்துக் குழாயில் தண்ணீர் குழாயை நிரப்பிக்கொண்டு விழுவதில்லை. உள்சுவரை ஒட்டி ஒரு வளையமாக வழிகிறது. நடுவில் காற்றுத் தூண். எத்தனை மாடி உயரமானாலும் வேகம் கூடிக்கொண்டே போவதுமில்லை. சில மீட்டர் விழுவதற்குள் சுவரின் உராய்வு எடையை ஈடுகட்டிவிடும், பிறகு சீரான வேகம். இந்த வளையம் குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது என்பதே வடிவமைப்பின் அடிப்படை. மீதி முழுவதும் காற்றுக்கு.

வழியும் நீர் தன்னோடு காற்றையும் இழுத்துக்கொண்டு இறங்குகிறது. இழுக்கப்பட்ட காற்றுக்கு ஈடாக மேலிருந்து காற்று வர வேண்டும். என் உள்ளங்கையை இழுத்தது அதுதான். மேலே மூடியிருந்தபோது அந்தக் காற்றை பைப் எங்கிருந்து எடுக்கும்? கிடைத்த ஒரே வழி, கீழ்வீட்டுத் தரை ஜாலிக்கு அடியில் இருந்த ட்ராப். அதிலிருந்த தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் காற்றை எடுத்தது. ‘களுக்’ சத்தம் அந்த உறிஞ்சலின் சத்தம்.

ட்ராப் எவ்வளவு எளிமையான கருவி! வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கழிவு கடந்து போகும், வாயு திரும்பி வராது. லண்டனில் கடிகாரத் தொழில் செய்த அலெக்ஸாண்டர் கம்மிங் 1775இல் இப்படி வளைந்த குழாயோடு கூடிய கழிவறைக்குக் காப்புரிமை பெற்றார். கதவும் ஸ்பிரிங்கும் இல்லாமல் ஒரு கைப்பிடித் தண்ணீர் காவல் நிற்கிறது. பொதுவாக அதன் ஆழம் 50 மி.மீ. அந்த ஆழத்தின் அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 200இல் ஒரு பங்குதான். அவ்வளவு சிறிய இழுப்பே அந்தக் காவலைக் கலைக்கப் போதும். அதனால்தான் காற்றுக் குழாய் ஆடம்பரமாகாது.

இந்தத் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்பதை 2003இல் ஹாங்காங் கண்டது. அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கும் மேற்பட்டோருக்கு சார்ஸ் நோய் தொற்றியது. பல குளியலறைகளில் தரை ட்ராப் காய்ந்து கிடந்ததும், அதன் வழியே கழிவுக் குழாயின் காற்றைக் குளியலறை விசிறிகள் வீட்டுக்குள் இழுத்ததும் நோய் பரவ முக்கியக் காரணங்களாக விசாரணையில் சுட்டப்பட்டன. தரையைக் கழுவித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாலே அந்த ட்ராப்கள் காய்ந்திருக்காது.

நம் வீடுகளிலும் விருந்தினர் குளியலறை மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். கோடையில் ட்ராப் சில வாரங்களில் காய்ந்துவிடும். வாரம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். நீண்ட நாள் ஊருக்குப் போவதாக இருந்தால் கடைசியில் ஒரு கரண்டி சமையல் எண்ணெயையும் விடுங்கள். அது மேலே மிதந்து ஆவியாவதைத் தாமதப்படுத்தும். மொட்டை மாடிக் காற்றுக் குழாயின் வாயை ஒருபோதும் மூட வேண்டாம். அதற்கென்றே விற்கும் துளைகளுள்ள ‘கவுல்’ போதும். ஜன்னலுக்குப் பக்கத்தில் முடியாமல், கைப்பிடிச் சுவரைவிட உயரமாக நிற்கட்டும். மழைநீர்ப் பைப்பை இதனோடு சேர்க்கவே கூடாது. அடைமழையில் மாடித் தண்ணீர் முழுவதும் இறங்கி பைப்பை நிறைத்துவிட்டால், கீழ்வீட்டுக் கழிவறை வழியே கழிவு மேலே எழும். அந்தத் தண்ணீர் போக வேண்டிய இடமும் வேறு: தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்.

இணைப்பு

பைப்பை இணைக்க இரண்டு முறைகள் உண்டு. ஒன்று சொல்யூஷன். இது ஒட்டும் பசை அல்ல. இரண்டு பரப்புகளையும் கரைக்கும் திரவம். கரைந்த நிலையில் இரண்டு பக்கத்து மூலக்கூறுச் சங்கிலிகளும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொள்ளும்; திரவம் ஆவியானதும் இரண்டும் ஒரே பிளாஸ்டிக். தூசியும் ஈரமும் இருந்தால் அந்தப் பின்னல் நடக்காது. துடைக்காமல் தடவுவது வீண்.

மற்றொன்று ரப்பர் ரிங். இதன் அருமை சித்திரை வெயிலில் தெரியும். மேற்குச் சுவரில் நிற்கும் 3 மீட்டர் பைப், விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே 30 டிகிரி சூடேறினால் சுமார் 6 மி.மீ. நீளும். எல்லா இணைப்பும் இறுகியிருந்தால் அந்த நீட்சி எங்காவது வளைந்தோ விரிந்தோதான் தீர வேண்டும். அதனால் ரிங் பொருத்தும்போது பைப்பை முழுக்கச் செருகி, பென்சிலால் கோடு போட்டு, பிறகு 10 மி.மீ. பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். செருகும் முனையை அரம் வைத்துச் சரிவாகத் தேய்க்காவிட்டால் அது ரிங்கைப் புரட்டிவிடும். வழுக்கச் சோப்புக் கரைசல் தடவலாம். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். சாக்கெட்டின் வாய், தண்ணீர் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு சிறிய படி உண்டாகும். நூலும் முடியும் அதில்தான் முதலில் சிக்கும்.

கீழடி அகழாய்வில் ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்கள் கிடைத்திருக்கின்றன. நம் பைப்பின் சாக்கெட் இணைப்பும் அடிப்படையில் அதே யோசனைதான்.

மண்

பைப் மண்ணுக்குள் போனதும் கதை மாறுகிறது. பீங்கான் குழாய் தன் கடினத்தால் மண்ணின் எடையைத் தாங்கும். பிளாஸ்டிக் பைப் கொஞ்சம் அமுங்கும்; அமுங்கும்போது பக்கவாட்டில் விரியும்; பக்கத்து மண் இறுகியிருந்தால் அந்த விரிவைத் தடுத்துப் பைப்பைத் தாங்கிக்கொள்ளும். இப்படி அமுங்கும் குழாய்களை அமெரிக்காவின் அயோவாவில் ஆராய்ந்து 1941இல் கணக்கிட்டுக் காட்டியவர் மெர்லின் ஸ்பாங்லர். புதைத்த பிளாஸ்டிக் பைப்பின் பலத்தில் ஒரு பங்கு கடையில் கிடைக்கிறது, இன்னொரு பங்கைப் பள்ளத்தில் நாம்தான் உண்டாக்க வேண்டும். ஐ.எஸ். 15328 பைப்பில் எஸ்.என். 2, 4, 8 என்று அச்சிட்டிருப்பது அமுங்காமல் தாங்கும் விறைப்பு. கார் ஏறும் வாசலுக்கு எட்டைப் பார்த்து வாங்குவது நல்லது.

நம் ஊர்ப் பழக்கம் ஒன்றை இங்கே மனம்விட்டுச் சொல்ல வேண்டும். வாட்டம் பிடிக்க பைப்புக்கு அடியில் அங்கங்கே செங்கல் வைத்து, மேலே ஜல்லியும் உடைந்த கட்டியுமாக மண்ணைத் தள்ளி மூடுகிறோம். பைப் அந்தச் செங்கற்களின் மேல் மட்டும் நிற்கிறது. நடுவில் தொங்குகிறது. மண் இறுகியதும் இரண்டு செங்கலுக்கு நடுவே ஒரு பள்ளம். பார்த்துப் பார்த்துக் கொடுத்த வாட்டம் அங்கே செத்துப்போகிறது. 10 செ.மீ. மணலைப் பரப்பி, அதிலேயே வாட்டம் பிடித்து, சாக்கெட் வரும் இடத்தில் மட்டும் சிறு குழி தோண்டி, பைப்பின் முழு வயிறும் மணலில் படும்படி கிடத்துங்கள். இரு பக்கமும் மணலை அணைத்து, 15 செ.மீ.க்கு ஒருமுறை கட்டையால் இடித்து இறுக்குங்கள். கரிசல் மண்ணில் மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் அசைவு இருப்பதால், சுற்றிலும் மணலும் ரிங் இணைப்பும் இன்னும் அவசியம். பைப்பை வாரக்கணக்கில் வெயிலில் போட்டு வைக்கவும் வேண்டாம். வாழைக்காய் போல வளைந்த பைப்பில் எந்த மட்டமும் நிற்காது.

மூடுவதற்கு முன்

அடைத்துக்கொண்ட சாக்கடைக்குள் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதற்குப் பிறகும் நச்சுவாயுவில் சாவுகள் தொடர்கின்றன. அதைப் பெரிய சாக்கடையின் பிரச்சினை என்று நாம் ஒதுங்கிவிடக் கூடாது. வீட்டுச் சேம்பரில் கை விட்டு அள்ள ஓர் ஆளைத் தேடும் நிலை, வாட்டம் தப்பிய பத்தடி பைப்பிலிருந்தும் உண்டாகலாம். நாம் பள்ளத்தில் செலவிடும் கவனம், நமக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவரின் கையையும் மூச்சையும் காக்கிறது.

ஆகவே மண் தள்ளும் முன் அரைமணி நேரம் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். பைப்பின் உள்விட்டத்தைவிட அரை அங்குலம் சிறிய பந்து ஒன்றை மேல்முனையில் விடுங்கள். வழியில் செங்கல் துண்டோ சிமென்டுக் கட்டியோ இல்லையென்றால் அது தானே உருண்டு அடுத்த சேம்பருக்கு வரும். பிறகு ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனையில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். பைப் நேராக இருந்தால் கண்ணாடியில் வெளிச்சம் முழு வட்டமாகத் தெரியும். தொய்ந்திருந்தால் வட்டம் அரைகுறையாகும்.

சென்ற வருஷம் அக்கா வீட்டுப் பின்பக்கத்துப் பைப்பை மாற்றினோம். அதே பிளம்பர்தான். பந்துக்காக அக்கா பேரனின் ரப்பர் பந்தை வாங்கி விட்டு, கீழ்ச் சேம்பர் பக்கம் எல்லோரும் குனிந்து நின்றோம். சில நொடிகளில் பந்து வந்து விழுந்தது. அவர் கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். முழு நிலா போல ஒரு வட்டம். “இப்ப மூடலாம்” என்றார்.